துட்டன்காமன் கல்லறையின் தாக்கத்தைத் தேதி பார்த்துக் கண்டறிவது எப்படி

1922 நவம்பர் 4-ஆம் நாள், லக்சர் நகரத்துக்கு எதிரே நைல் நதியின் மேற்குக் கரையில் உள்ள அரசர்களின் பள்ளத்தாக்கில், பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டரின் பணியாளர்கள் மணலுக்கடியில், பண்டைய எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறைக்கு இறங்கும் ஒரு கற்படியைக் கண்டார்கள். அன்று முதல் இன்று வரை, எகிப்தியச் சாயல் கொண்ட கட்டடம், நகை, திரைப்படம், விளம்பரம் என எதைக் கண்டாலும் அதைத் துட்டன்காமன் கல்லறையின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் ஊறிவிட்டது. அந்தக் கணக்கில் பாதிக்கு மேல் தவறு என்பது என் கருத்து. இதைப் பற்றிக் கட்டுரை எழுதவோ காணொளி தயாரிக்கவோ முனைகிறவர்கள், ஒரு பொருள் உண்மையிலேயே அந்தக் கல்லறையிலிருந்து கிளைத்ததா என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்லக் கீழ்க்காணும் முறை உதவும்.

எடுத்த எடுப்பில் பொருளின் அழகைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். ஹாலிவுட்டில் உள்ள புகழ்பெற்ற எகிப்தியன் திரையரங்கைத் துட்டன்காமன் மோகத்தின் சின்னமாகக் காட்டும் கட்டுரைகள் ஏராளம். ஆனால் அது திறக்கப்பட்ட நாள் 1922 அக்டோபர் 18. அதாவது அந்த முதற்படி வெளிப்படுவதற்குப் பதினேழு நாட்களுக்கு முன்பு. பாரிஸில் உள்ள லூக்சோர் திரையரங்கு அதற்கும் ஓராண்டு முந்தியது. 1921 அக்டோபரில் திறக்கப்பட்டது. 1798-ல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தபோது உடன் சென்ற அறிஞர்கள் வெளியிட்ட படத் தொகுதிகளிலிருந்தே ஐரோப்பாவின் எகிப்து மோகம் பெருகத் தொடங்கியது என்பதையும், 1922-ல் நடந்தது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால் இத்தகைய வழுக்கல்கள் நேரா.

தேதி 1922 நவம்பருக்குப் பிந்தியதாக இருந்தால், அந்தத் தேதிக்குள் கல்லறையிலிருந்து என்ன வெளிவந்திருந்தது என்று கேளுங்கள். இந்த முறையின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். கல்லறையைக் காலி செய்ய ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. 5,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் ஒரே நாளில் உலகின் கண்முன் வந்துவிடவில்லை. 1922 நவம்பர் இறுதியில் தெரியவந்தது முன்னறை மட்டுமே: விலங்குத் தலை கொண்ட கட்டில்கள், கழற்றிப் போடப்பட்ட தேர்கள், பொன்னால் வேய்ந்த அரியணை, ஆளுயரக் கரிய காவல் சிலைகள் இரண்டு. 1923 பிப்ரவரியில் அடக்க அறை திறக்கப்பட்டது. இன்று துட்டன்காமன் என்றதும் எல்லார் நினைவுக்கும் வருகிற அந்தப் பொன் முகமூடி 1925 அக்டோபர் 28-ஆம் நாள்தான் கண்ணில் பட்டது. ஆகவே, 1923-ன் பெரும் மோகம் அந்த முகமூடியைப் பார்க்காமலேயே எழுந்த மோகம். அந்த ஆண்டைச் சேர்ந்த ஆடையிலோ இசைத்தாள் அட்டையிலோ முகமூடியின் சாயலைக் கண்டதாக யாரேனும் எழுதினால், அதை நம்ப வேண்டியதில்லை.

நிறத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் ஒளிப்படக்காரர் ஹாரி பர்ட்டன் எடுத்த, நாளிதழ்கள் வழியே உலகம் கண்ட படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அதனால் இருபதுகளின் வடிவமைப்பாளர்கள் தாமரை, வண்டு, நாகம், சிறகு விரித்த சூரிய வட்டு என உருவங்களை எடுத்துக்கொண்டார்கள். நிறங்களை வேறு இடங்களிலிருந்தோ கற்பனையிலிருந்தோ சேர்த்தார்கள். பளபளக்கும் பொன்னும் நீலமும் இணைந்த கோலம் பொதுமக்கள் மனத்தில் ஊன்றியது பிற்காலக் கண்காட்சிகளால்தான்.

அடுத்து, உருவத்தை நெருங்கிப் பாருங்கள். துட்டன்காமன் முகமூடியின் நெற்றியில் கழுகும் நாகமும் அருகருகே இருக்கின்றன. காது மடல்களில் துளைகள் இருக்கின்றன. தலைத்துணியின் நீலக் கோடுகள் பலரும் எழுதுவது போல நீலமணிக் கற்கள் அல்ல, நீலக் கண்ணாடி. நீங்கள் ஆராயும் சுவரொட்டியில் ஒற்றை நாகம் மட்டும் இருந்தால், அது பொதுவான பார்வோன் (பண்டைய எகிப்திய அரசன்) உருவமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. மேற்பகுதி தட்டையான உயர்ந்த நீல மகுடம் எகிப்திய அரசி நெஃபர்டீட்டியுடையது. அவரது சிலை 1912-ல் எகிப்தின் அமர்னாவில் கிடைத்து இன்று பெர்லினில் இருக்கிறது. பிரமிடுக்கும் இந்த அரசனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவன் பாறையைக் குடைந்த சிறு கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டவன். லண்டன் கேம்டன் பகுதியில் 1928-ல் திறக்கப்பட்ட கரேராஸ் சிகரெட் ஆலை நல்ல பயிற்சிக் களம்: வண்ணத் தூண்களும் முகப்பும் அந்தக் காலத்து மோகத்தின் விளைவு என்பதில் ஐயமில்லை, ஆனால் வாசலில் நிற்கும் இரண்டு பெரிய கரும்பூனைகள் நிறுவனத்தின் பிளாக் கேட் சிகரெட்டுக்காக வந்து அமர்ந்தவை.

கல்லறையைத் திறந்தவர்களை மம்மியின் சாபம் கொன்றது என்ற கதையைக் கையாளும்போது கல்லறையை விட்டுவிட்டு நாளிதழ்களிடம் செல்லுங்கள். அகழ்வுக்குப் பணம் கொடுத்த கார்னார்வன் பிரபு, லண்டன் டைம்ஸ் நாளிதழுக்கு மட்டுமே செய்தி தருவதாக 1923 ஜனவரியில் ஒப்பந்தம் செய்துகொண்டார். கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மற்ற செய்தியாளர்களுக்கு, எகிப்தியச் செய்தியாளர்கள் உட்பட, எழுதுவதற்கு ஊகத்தைத் தவிர வேறு என்ன மிஞ்சும்? ஏப்ரல் 5-ஆம் நாள் கார்னார்வன் கொசுக்கடிப் புண்ணில் தொற்று ஏறிக் கெய்ரோவில் இறந்ததும் அந்தப் பசிக்குத் தீனி கிடைத்தது. கல்லறையில் சாபக் கல்வெட்டு எதுவும் இல்லை. மம்மியின் சாபம் என்ற கருவும் புதிதல்ல. லூயிசா மே ஆல்காட் 1869-லேயே அதை வைத்துக் கதை எழுதிவிட்டார். கார்ட்டரோ 1939 வரை வாழ்ந்து 64 வயதில் இறந்தார். ஆனால் பொய் என்று சொல்லி இந்தக் கதையை ஒதுக்கிவிடாதீர்கள், ஏனெனில் உங்கள் ஆய்வுக்கு இதுவே வளமான சுரங்கம்: 1932-ல் வந்த ‘த மம்மி’ திரைப்படத்தின் திரைக்கதையை எழுதிய ஜான் பால்டர்ஸ்டன், முன்னர் செய்தியாளராகக் கல்லறைத் திறப்பைப் பற்றி எழுதியவர், படத்தின் இளவரசிக்கு அவர் சூட்டிய பெயர் துட்டன்காமன் மனைவியின் பெயர். தாக்கத்தை நிறுவ இப்படிப்பட்ட ஆள்வழித் தொடர்பு ஒன்று, நூறு தாமரைத் தூண்களைவிட மேலானது.

ஐம்பதுகளுக்குப் பிந்திய பொருள்களுக்குக் கண்காட்சிப் பட்டியலே வழிகாட்டி. 1972-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் கல்லறையின் 50 பொருள்களைக் காண 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள். 1976 முதல் 1979 வரை அமெரிக்க நகரங்களில் 55 பொருள்கள் வலம் வந்தன. எழுபதுகளின் இறுதியில் வந்த அமெரிக்க நகைச்சுவைப் பாட்டும் பனியன் படமும் 1922-ன் நேரடி வாரிசுகள் அல்ல. இந்த வரிசைகளின் வாரிசுகள்.

எகிப்தைத் தனி ஏட்டில் எழுதுங்கள். 1922 பிப்ரவரியில்தான் பிரிட்டன் எகிப்தின் சுதந்திரத்தை அறிவித்திருந்தது. கல்லறைப் பொருள்களை வெளிநாட்டாருடன் பங்கிடாமல் கெய்ரோவிலேயே வைத்துக்கொண்டது அரசியல் முடிவு. அங்கே அந்த அரசன் வேடிக்கைப் பொருளாக அல்லாமல் தேச அடையாளமாக ஆனான்; இன்றும் ஒரு பவுண்டு நாணயத்தில் அவன் முகமூடிதான் இருக்கிறது.

கடைசியாக, மூலக் குறிப்புகளோடு ஒப்பிடுங்கள். கார்ட்டரின் நாட்குறிப்பும் பொருள் அட்டைகளும் ஆக்ஸ்போர்டின் கிரிஃபித் நிறுவனத்தில் உள்ளன. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கல்லறைக் கதவின் துளை வழியே எட்டிப் பார்த்தபோது அவர் சொன்னதாக எல்லாரும் மேற்கோள் காட்டும் "அற்புதமான பொருள்கள்" என்ற விடை அவரது அச்சு நூலில் வருவது; நாட்குறிப்பில் சொற்கள் சற்று வேறு. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு: அரியணை 91, முகமூடி 256அ, படுத்திருக்கும் நரி உருவக் கடவுள் அனுபிஸ் 261. நீங்கள் ஆராயும் வடிவத்துக்கு நேரான எண்ணைத் தேடி, உங்கள் குறிப்பில் அதன் பக்கத்தில் எழுதிவையுங்கள். எண் கிடைக்கவில்லை என்றால், தலைப்பில் துட்டன்காமன் பெயரை அடித்துவிட்டு, "எகிப்தியச் சாயல்" என்று மட்டும் எழுதுங்கள்.