ஜனவரியிலும் அணியத்தக்க கிறிஸ்துமஸ் ஸ்வெட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர் வாங்கப் போகும் எவருடைய கண்ணும் முதலில் நெஞ்சில் பின்னியிருக்கும் கலைமானின் மீதுதான் விழும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். மூக்கில் சிவப்பு நூலுருண்டை வைத்த ஒரு மானைப் பார்த்து மயங்கி வாங்கிய ஸ்வெட்டரை ஒரே ஒரு மாலைதான் அணிந்தேன். கழுத்து அரித்தது, அறையின் வெக்கையில் முதுகு நனைந்தது. ஆகவே இங்கே வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறேன். படத்தைக் கடைசியில் பார்ப்போம்.

படி 1: லேபிளைப் படியுங்கள்

உள்தையலில் இருக்கும் சிறிய துணிச்சீட்டில் எந்த நூல், எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். கம்பளி என்றாலே அரிக்கும் என்பது தவறான எண்ணம். தடித்த இழைகளின் முனைகள் தோலைக் குத்துவதால்தான் அரிப்பு வருகிறது. மெரினோ ஆட்டின் இழை பெரும்பாலும் 24 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லியது. காஷ்மீர் ஆட்டின் உள்ரோமம் 19 மைக்ரானுக்குள் அடங்கும். அதனால் இவை குத்துவதில்லை. அக்ரிலிக் என்னும் செயற்கை இழை விலை குறைவு, துவைப்பதும் எளிது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. கூட்டம் நிறைந்த விருந்து அறையில் அது தெரிந்துவிடும். குளிர் அதிகமில்லாத இடத்தில் இருப்பவர்களுக்குப் பருத்திப் பின்னலே போதும்.

படி 2: கையால் சோதியுங்கள்

எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு 'மெத்தென்று இருக்கிறது' என்று சொல்லாதீர்கள். விரல்தோல் தடிமனானது. துணியைக் கழுத்தோரத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அடுத்து, மணிக்கட்டுப் பட்டியை இழுத்துவிடுங்கள். உடனே சுருங்கிப் பழைய நிலைக்கு வரவேண்டும். வராவிட்டால் சில நாட்களிலேயே தொளதொளத்துவிடும். பிறகு துணியின் இரண்டு பகுதிகளை ஒன்றோடொன்று பத்துமுறை தேயுங்கள். அதற்குள்ளாகவே பிசிறு எழும்பினால், அக்குளிலும் இடுப்போரத்திலும் சீக்கிரமே சிறு உருண்டைகள் திரளும். நீண்ட இழைகளை இறுக முறுக்கிய நூலில் இந்தத் தொல்லை குறைவு. தொட்டவுடன் பஞ்சுபோல் குழையும் மலிவான ஸ்வெட்டரைச் சந்தேகப்படுவது என் வழக்கம்.

படி 3: அணிந்து பாருங்கள்

தோள்தையல் தோளெலும்பின் முனையில் நிற்கவேண்டும். வேண்டுமென்றே தளர்வாகத் தைத்த வகைக்கு இந்த விதி கிடையாது. கைகளை உயர்த்துங்கள்; வயிறு தெரிந்தால் நீளம் போதாது. தடித்த பின்னல் உடலைப் பருமனாகக் காட்டும், அதற்கு ஒடுக்கமான கால்சட்டை பொருந்தும். கோட்டுக்குள் அணிவதென்றால் மெல்லிய பின்னலே நல்லது.

படி 4: இப்போது படம்

பண்டிகைக் களையும் வேண்டும், பண்டிகை முடிந்தபின் கேலிக்கும் ஆளாகக்கூடாது என்றால் பழைய பின்னல் மரபுகளிடம் போங்கள். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளிலிருந்து வந்த ஃபேர் ஐல் பின்னலில் வழக்கமாக ஒரு வரிசைக்கு இரண்டு நிறங்களே வரும். முன்பக்கம் தெரியாத நூல் பின்பக்கமாக ஓடுவதால் துணி இரட்டிப்பாகி வெதுவெதுப்பு கூடுகிறது. 1920களில் இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் அணிந்ததால் இது நாகரிகமாயிற்று. வாங்குமுன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்; நூல்கள் நீளமாகத் தொங்கினால் மோதிரம் மாட்டி இழுக்கும். நார்வேயின் செல்பூ ஊர்ப் பின்னலில் வரும் எட்டுமுனை நட்சத்திரமும் அழகுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது அயர்லாந்தின் ஆரன் தீவுகளின் பெயரைத் தாங்கிய, கயிறுபோல் முறுக்கிய பின்னல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி முறுக்கு உண்டு என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது வெறும் கதை. இருந்தாலும் வெண்பழுப்பு நிறத்தில் அதை அணிந்து, சிவப்புச் சால்வை ஒன்றைப் போட்டால் கிறிஸ்துமஸ். சால்வையை எடுத்துவிட்டால் சாதாரண நாள்.

படி 5: துவைக்கும் முன்

கம்பளியை வெந்நீரில் போட்டு அலசினால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கிவிடும். குளிர்ந்த நீரில் மென்மையாக அலசி, துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீளும். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த ஸ்வெட்டரானால், முதலில் ஈர வெள்ளைத்துணியால் சிவப்பை ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. மானின் மூக்கு முதல் துவைப்பிலேயே சாயம்விட்டு, பனி முழுவதும் இளஞ்சிவப்பாகிவிட்டது.