பயம் குழம்புச் சட்டியில், ஆபத்து பூனைக் கிண்ணத்தில்

2021 ஜனவரியில் தில்லியின் மயூர் விகார் ஃபேஸ் மூன்று பூங்காவில் காக்கைகள் செத்து விழுந்தன. சஞ்சய் ஏரி வாத்துகளுக்கும் பறவைக் காய்ச்சல் என்று தெரிந்தது. காஜிப்பூர் முர்கா மண்டியை, அதாவது கோழிச் சந்தையை, பத்து நாள் மூடினார்கள். எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கோழிக் குழம்பு உடனே நின்றது. மண்டி திறந்த பிறகும் பலர் கோழியைத் தொடவில்லை. ஆனால் ‘பில்லி கே லியே’ (பூனைக்கு) என்று கேட்டால் கடைக்காரர் சும்மா கட்டித் தரும் கழுத்தும் தோலும் பூனைக் கிண்ணத்துக்குப் பச்சையாகவே போய்க்கொண்டிருந்தன.

முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். கறிக்குள் 70 டிகிரி சூடு ஏறினால் வைரஸ் செத்துவிடும்; குழம்பைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. பச்சை இறைச்சிதான் வினை. 2004இல் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிப் பூங்காவில் பச்சைக் கோழியிலிருந்து நோய் தொற்றி, செத்ததும் கொன்றதுமாக 147 புலிகள் போயின. இந்தியாவிலும் 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ்தான் என்று போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வகம் உறுதி செய்தது. சில வாரங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமும் அதே வைரஸ். புலிக்கு வருவது பூனைக்கு வராதா என்ன?

வேகவைத்தே போடுங்கள். எலும்பை எடுத்துவிடுங்கள், வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையைக் குத்தும்.

‘ஃப்ரீஸரில் வைத்துத்தானே கொடுக்கிறேன்’ என்பவர்களுக்கு: குளிர் வைரஸைக் கொல்லாது, பத்திரமாக வைத்திருக்கும். 2024 இறுதியில் அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில், படி தாண்டாத ஒரு வீட்டுப் பூனை உறைந்த பச்சை இறைச்சி உணவைத் தின்று செத்தது. பாலும் அப்படித்தான். அதே ஆண்டு டெக்சாஸில், நோயுற்ற மாடுகளின் காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் இறந்தன. டெய்ரியில் வாங்கும் பாலை நாம் காய்ச்சித்தான் குடிக்கிறோம். பூனைக்கு மட்டும் ஏன் காய்ச்சுவதற்கு முன்பே ஊற்றுகிறோம்?

தடுப்பூசி போட்டாயிற்று என்ற நிம்மதியும் வேண்டாம். பூனைக்கு வழக்கமாகப் போடும் ‘ஃப்ளூ’ ஊசி ஹெர்பீஸ், கலிசி வைரஸ்களுக்கானது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம், சளியும் தும்மலும் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பது. பூனையிடம் இந்த நோய் மூளையைத் தாக்கும்: தள்ளாட்டம், வலிப்பு, திடீர்க் குருட்டுத்தனம். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போவதற்குள் நேரம் போய்விடும். கால்நடை மருத்துவருக்கு முதலில் போன் செய்து, பூனை பச்சைக் கறி தின்றதா, பறவையைப் பிடித்ததா என்று சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

நாய்க்கு ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. 2023இல் கனடாவில் காட்டுப் பெருவாத்தை (கூஸ்) கடித்த நாய் ஒன்று இறந்தது. ஏரிக்கரையில் வாரை அவிழ்த்துவிடாதீர்கள். செத்த காக்கையை வெறுங்கையால் எடுக்காமல் மாநகராட்சிக்குச் சொல்லுங்கள்.

பயந்துபோய்ப் பூனையைத் தெருவில் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அங்கே அது செத்த காக்கையைத்தான் தின்னும். பூனையிடமிருந்து மனிதருக்குப் பறவைக் காய்ச்சல் தொற்றுவது மிக அரிது. 2016இல் நியூயார்க் காப்பகங்களில் நூற்றுக்கணக்கான பூனைகளுக்கு எச்7என்2 என்ற இன்னொரு வகைப் பறவைக் காய்ச்சல் பரவியபோது தொற்றியது ஒரு கால்நடை மருத்துவருக்கு, அதுவும் லேசாக. நோயுற்ற பூனையைத் தனி அறையில் வைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு கவனித்தால் போதும்.