ஜீப் ரேடியேட்டருக்குத் தகட்டில் ஃபேன் ஷ்ரவுட்: நான் செய்த முறை

சேலத்திலிருந்து தருமபுரி வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம்தான் என் பழைய ஜீப்புக்குச் சோதனை. சமதளத்தில் அறுபது, எழுபதில் ஓடும்வரை டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கும். ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் சிவப்பைத் தொட்டுவிடும். கூலண்ட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி என்று ஒவ்வொன்றாக மாற்றியும் பலனில்லை. அப்புறம்தான் கவனித்தேன், ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய உறை, அதாவது ஷ்ரவுட்டே இல்லை. வண்டியை முன்பு வைத்திருந்தவர் பெரிய ரேடியேட்டர் மாட்டியபோது பழைய ஷ்ரவுட் பொருந்தாமல் கழற்றிப் போட்டிருக்கிறார்.

வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். மெதுவாக ஏறும்போது ஃபேன் இழுக்கும் காற்று மட்டும்தான் கதி. என் ரேடியேட்டர் கோர் (கூலண்ட் ஓடும் டியூப்கள் உள்ள, காற்று ஊடுருவும் நடுப்பகுதி) 520 மி.மீ. அகலம், 480 மி.மீ. உயரம். ஃபேன் விட்டம் 360. கணக்குப் போட்டால் ஃபேன் வட்டம் கோர் பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம்தான். மூலைகளில் காற்று சரியாக நகராது. போதாததற்கு, என்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே ஃபேன் ஓரமாக மறுபடி இழுத்துக்கொள்ளும். ஷ்ரவுட் என்பது இதைத் தடுக்கும் தகட்டுப் பெட்டி. ஃபேன் இழுக்கும் காற்று முழுவதும் கோர் வழியாக மட்டுமே வரும்படி செய்கிறது.

தகடு

1.2 மி.மீ. சி.ஆர். ஷீட் (கோல்டு ரோல்டு இரும்புத் தகடு), அதாவது 18 கேஜ். முழு ஷீட் தேவையில்லை, வெட்டுத்துண்டு போதும். ஓசூர்ப் பக்கம் போனால் தேடிப் பிடித்துவிடலாம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் வேண்டவே வேண்டாம். வெல்டிங் வைக்கும்போது துத்தநாகப் புகை வரும், அது நெஞ்சுக்கு ஆகாது. அலுமினியம் பார்க்க அழகு, எடையும் குறைவு. ஆனால் அதை வெல்டிங் செய்ய நல்ல கை வேண்டும். முதல் தடவைக்கு இரும்புதான் நல்லது.

அளவு

கோரிலிருந்து ஷ்ரவுட்டின் பின்தகடு 50 மி.மீ. தள்ளி இருக்கும்படி வைத்தேன். 25-க்குக் கீழே போகக் கூடாது. கோரோடு ஒட்டிவிட்டால் மூலைக் காற்று ஃபேனுக்கு வந்துசேர வழி இருக்காது. பின்தகட்டில் வட்ட ஓட்டை, அந்த ஓட்டையைச் சுற்றி ஒரு வளையம். ஃபேன் இறக்கையில் பாதி வளையத்துக்குள்ளும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். என் வண்டியில் கோருக்கும் இறக்கையின் முன்விளிம்புக்கும் 60 மி.மீ. தூரம், இறக்கையின் ஆழம் 50. ஆகவே வளையம் 35 மி.மீ. அகலம். உங்கள் வண்டியில் அளந்து பார்த்துத்தான் இதை முடிவுசெய்ய வேண்டும்.

வட்டம் எங்கே வரும்? இங்கேதான் நான் ஒரு ஷ்ரவுட்டை வீணாக்கினேன்

ரேடியேட்டரின் நடுவே வட்டத்தின் நடு என்று நினைத்து வெட்டிவிட்டேன். ஃபேன் என்ஜினோடு இருப்பது, ரேடியேட்டர் சேசிஸோடு இருப்பது. இரண்டின் நடுவும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. என் வண்டியில் ஃபேன் 30 மி.மீ. கீழேயும் கொஞ்சம் வலப்பக்கமும் இருந்தது.

டேப் வைத்து அளக்காதீர்கள். இறக்கைக்கு நடுவில் டேப்பை நேராகப் பிடிக்கவே முடியாது. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் கோர் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் விளிம்பு சரியாகப் பொருந்த நிறுத்துங்கள். ஒரு இறக்கையின் நுனியில் சாக்பீஸை இன்சுலேஷன் டேப்பால் கட்டுங்கள், முனை அட்டையைத் தொடட்டும். அப்படியே ஃபேனைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். ஃபேனே தன் வட்டத்தை அட்டையில் வரைந்துவிடும். எனக்கு மூன்றாவது முறையில்தான் கோடு முழுசாக விழுந்தது. ஆனால் அந்த வெள்ளை வட்டம் அட்டையின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது முதல் சுற்றிலேயே தெரிந்தது. அதன் நடுவைக் கண்டுபிடித்துக் காம்பஸ் முனையால் குத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடைவெளி. அடுத்துச் செய்த ஷ்ரவுட்டில் இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் 8 மி.மீ. தான் விட்டேன். வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து பார்த்தபோது ஒரு சத்தமும் இல்லை. ஏற்றத்தில் கிளட்சை விட்டு ஆக்சிலேட்டர் கொடுத்ததும் டக் டக் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் வளையத்தின் ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. லோடு ஏறும்போது என்ஜின் தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்டில் ஒரு பக்கமாகச் சாயும். ஃபேனும் கூடவே சாயும், ரேடியேட்டர் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். சுற்றிலும் 20 மி.மீ. கட்டாயம் விடுங்கள், மவுண்ட் பழசாக இருந்தால் 25. ஆக எனக்கு வளையத்தின் உள்விட்டம் 400 மி.மீ. ஆனது.

வெட்டு, மடிப்பு, வெல்டிங்

பின்தகடு 520 x 480. நான்கு பக்கமும் 50 மடிப்புக்குச் சேர்த்தால் 620 x 580 துண்டு. நான்கு மூலையிலும் 50 x 50 சதுரத்தை வெட்டி எடுங்கள். வெட்டும் முன் மடிப்புக் கோடுகள் சந்திக்கும் புள்ளியில் 5 மி.மீ. ஓட்டை போட்டுவிட்டால் மடிக்கும்போது தகடு கிழியாது. வட்ட ஓட்டையையும் தகடு தட்டையாக இருக்கும்போதே ஜிக்சாவில் வெட்டிவிடுங்கள். கிரைண்டரில் வட்டம் வெட்டுவது எனக்குப் பிடிக்காது, விளிம்பு கோணலாகப் போகும்.

மடிக்க மெஷின் வேண்டாம். இரண்டு ஆங்கிள் இரும்புக்கு நடுவில் தகட்டை வைத்து சி-கிளாம்ப் போட்டு இறுக்கி, கொட்டாப்புளியால் ஓரத்திலிருந்து ஓரம்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் பள்ளம் விழவைக்கும்.

வளையத்துக்கான பட்டையின் நீளம் 1260 மி.மீ. (400-உடன் தகட்டுத் தடிமனைச் சேர்த்து 3.14-ஆல் பெருக்கியது). கேஸ் சிலிண்டர் மாதிரி உருண்டையான ஏதாவது ஒன்றின்மேல் வளைத்து எடுக்கலாம், காலி சிலிண்டராக இருக்கட்டும்.

வெல்டிங்குக்கு சி.ஓ.டூ. மெஷின் (ராடுக்குப் பதில் கம்பிச்சுருளும் கார்பன் டை ஆக்சைடு வாயுவும் பயன்படுத்துவது) உள்ள பட்டறைக்குப் போங்கள். சாதா ராடு வெல்டிங்கில் இந்தத் தகடு ஓட்டையாகிவிடும். தொடர்ச்சியாக வைக்கச் சொல்லாதீர்கள். 25 மி.மீ.க்கு ஒரு பொட்டு, அதுவும் ஒரு பக்கம் வைத்தால் அடுத்தது எதிர்ப்பக்கம். இல்லாவிட்டால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். வண்டியில் மாட்டிவைத்து வெல்டிங் வைக்கவே கூடாது. அப்புறம் ரெட் ஆக்சைடு ஒரு கோட், கருப்பு பெயிண்ட் இரண்டு கோட்.

மாட்டுவது

ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் நான்கு எம்-6 போல்ட். கோரின் டியூப் பக்கம் டிரில்லைக் கொண்டுபோகாதீர்கள். போல்ட்டுக்கு அடியில் பழைய லாரி டியூபில் வெட்டிய ரப்பர் வாஷர், பெட்டியின் விளிம்பு முழுவதும் ரப்பர் பீடிங். 20 மி.மீ. மரத்துண்டை இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் நடுவில் வைத்து ஃபேனைச் சுற்றிப் பாருங்கள், எங்கேயும் இடிக்கக் கூடாது. ஸ்டார்ட் செய்யும் முன் தோளில் துண்டு இருந்தால் கழற்றி வையுங்கள், லுங்கியோடு பக்கத்தில் நிற்காதீர்கள்.

இப்போது ஒரு பழைய செய்தித்தாள் பக்கத்தை நாலாகக் கிழித்து, ரேடியேட்டரின் முன்பக்கம் நான்கு மூலையிலும் ஒவ்வொரு துண்டாக வைத்துப் பாருங்கள். ஷ்ரவுட் இல்லாதபோது என் வண்டியில் நடுவில் வைத்த தாள்தான் ஒட்டியது, மூலைத் தாள்கள் கீழே விழுந்தன. இப்போது நான்கும் வலையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அடுத்த வாரமே தொப்பூர் ஏறினேன். முள் நடுவைவிடச் சற்று மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு சேர்த்தது: இதைப் பார்த்துச் செய்த ஒருவர், ஏற்றத்தில் நன்றாக இருக்கிறது, கிருஷ்ணகிரி பைபாஸில் வேகமாகப் போனால் முன்பைவிடச் சூடு ஏறுகிறது என்று எழுதியிருந்தார். வேகத்தில் எதிர்க்காற்று ஃபேன் ஓட்டை வழியாகப் போகக்கூடிய அளவைவிட அதிகமாக வருகிறது, பின்தகடு அதை மறிக்கிறது. மேல் மூலைகள் இரண்டிலும் 80 x 60 அளவில் ஜன்னல் வெட்டி, என்ஜின் பக்கத்தில் ரப்பர் ஷீட்டை மேல்விளிம்பில் மட்டும் ரிவெட் அடித்துத் தொங்கவிடச் சொன்னேன். மெதுவாகப் போகும்போது ஃபேனின் இழுப்பில் ரப்பர் மூடிக்கொள்ளும், வேகத்தில் காற்றே அதைத் தள்ளித் திறக்கும். ரப்பர் ஃபேன் வரை எட்டாத நீளத்தில் இருக்கட்டும்.