கேரவனில் மலையேறும் முன்: சாலையோர உதவித் திட்டம் எடுப்பது எப்படி?

முதல் தடவை எங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பியபோது, பர்லியாறு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் போய்விட்டது. வேன் ஒன்றைப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று மாற்றிக் கட்டிய கேரவன் அது. கருகிய வாடை அடித்தது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. வழியில் வண்டி நின்றால் ஆள் அனுப்பிச் சரிசெய்வதற்கோ பட்டறைக்கு எடுத்துப் போவதற்கோ முன்கூட்டியே பணம் கட்டி வாங்கும் சாலையோர உதவித் திட்டம் கையில் இருந்ததால் தைரியமாக போன் போட்டேன். வெகுநேரம் கழித்து மேட்டுப்பாளையத்திலிருந்து, பழுதான வண்டியை ஏற்றிப் போகும் டோ வண்டி ஒன்று வந்தது. ஓட்டி வந்த அண்ணன் இறங்கி, எங்கள் வண்டியின் பின்பக்க இரட்டைச் சக்கரங்களைக் குனிந்து பார்த்தார். "இது காரைத் தூக்கற வண்டிங்க. இதுக்குப் பத்தாதுங்க" என்றார். கடைசியில் பெரிய ரெக்கவரி வண்டிக்குக் கைக்காசைத்தான் கொடுத்தோம்.

திட்டம் இருந்தும் உதவாமல் போனதற்குக் காரணம் ஒன்றுதான். மலையில், இந்த எடையுள்ள வண்டிக்கு அது செல்லுமா என்று வாங்கும்போது நான் கேட்கவில்லை. புதிதாகக் கேரவன் வாங்குகிறவர்களும் மாற்றிக் கட்டுகிறவர்களும் அதைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: ஆர்.சி.யை (வண்டியின் பதிவுச் சான்றை) கையில் எடுங்கள்

மூன்று விஷயங்களைப் பாருங்கள். வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, எடை எவ்வளவு, உள்ளே செய்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா.

சொந்தக் காருக்கான திட்டம் மஞ்சள் போர்டு வண்டிக்குச் செல்லாது. எடையைப் பொறுத்தவரை, ஆர்.சி.யில் இருப்பது வெறும் வண்டியின் எடையா, சுமையோடு சேர்ந்த மொத்த எடையா என்று பிரித்துப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றாலே 100 கிலோ. பேட்டரி, சிலிண்டர், சாமான், ஆட்கள் எல்லாம் அதற்கு மேல். மாற்றிக் கட்டிய வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதியாத மாற்றம் இருந்தால், உதவித் திட்டம் மட்டுமல்ல, இன்சூரன்ஸ் க்ளைமே சிக்கலாகும். இந்த வேலையை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

வாடகைக் கேரவன் என்றால், திட்டம் யார் பெயரில் இருக்கிறது, நீங்கள் போன் செய்தால் வருவார்களா என்று கொடுப்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: ஏற்கெனவே என்ன இருக்கிறது?

புது வண்டி என்றால் தயாரிப்பாளரே சில காலத்துக்கு இந்த உதவியைக் கொடுத்திருக்கக்கூடும். இன்சூரன்ஸ் பாலிசியில் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்திருக்கலாம். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால், பெரும்பாலும் தனித் திட்டமாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

"பாலிசியிலேயே டோ செலவு இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் வழக்கமான பாலிசி வாசகத்தில் அது காருக்கு 1,500 ரூபாய், வணிக வாகனத்துக்கு 2,500 ரூபாய் என்ற அளவில்தான் வரும். அதுவும் விபத்து நடந்தால் மட்டும். கிளட்ச் போனாலோ ரேடியேட்டர் கொதித்தாலோ அதில் ஒரு பைசா வராது.

படி 3: எத்தனை கிலோமீட்டர், எங்கிருந்து எங்கே?

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பஞ்சர், பேட்டரி, சாவி உள்ளே மாட்டிக்கொள்வது, ஐந்து லிட்டர் டீசல் கொண்டுவருவது எல்லாம் ஏறக்குறைய எல்லாத் திட்டத்திலும் இருக்கும். திட்டத்துக்குத் திட்டம் மாறுவது டோ தூரம்தான்.

ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் சுமார் 50 கிலோமீட்டர். கோவை 85-ஐத் தாண்டும். கேரவன் அளவு வண்டியின் பெரிய வேலைக்கு மேலே உள்ள பட்டறையில் பாகம் கிடைக்காமல் கோவைக்குத்தான் இறக்க வேண்டிவரும். திட்டத்தில் 50 கிலோமீட்டர் இலவசம் என்றிருந்தால், மீதித் தூரத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டும். கூடலூர் பக்கம் நின்றால் கணக்கு இன்னும் நீளும், அங்கிருந்து ஊட்டிக்கே சுமார் 50. கொடைக்கானலிலும் இதே கதைதான், பழனிக்கு இறங்கவே 60-க்கு மேல்.

இந்தத் தூரத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்றும் கேளுங்கள். வண்டி நின்ற இடத்திலிருந்து பட்டறை வரைக்கும்தானா, அல்லது டோ வண்டி கிளம்பி வந்து திரும்பும் தூரமும் சேர்த்தா? "அருகிலுள்ள பட்டறை வரை" என்று மட்டும் எழுதியிருந்தால், நீங்கள் சொல்லும் பட்டறைக்கு எடுத்துப் போவார்களா என்பதும் தெரிய வேண்டும். மலைக்கு 100 கிலோமீட்டருக்குக் குறைந்த திட்டத்தை நான் எடுக்க மாட்டேன்.

படி 4: இழுப்பது வேறு, மீட்பது வேறு

சாலையில் நிற்கும் வண்டியை ஏற்றிக்கொண்டு போவது டோ. சக்கரம் ஓடையில் இறங்கிவிட்டால், சரிவில் சாய்ந்துவிட்டால், கிரேன் வேண்டும். பல திட்டங்களில் கிரேன் செலவு தனி. எழுத்துச் சிறியதாக இருக்கும் பக்கத்தில் இதைத் தேடிப் பிடியுங்கள். மண் பாதை, காட்டுப் பாதை, கேம்ப் போடும் எஸ்டேட் வழி ஆகியவற்றை விலக்கியிருக்கிறார்களா என்பதும் அங்கேதான் இருக்கும். இத்தனை நிமிடத்தில் வருவோம் என்ற வாக்கு மலைப்பகுதிக்குப் பொருந்தாது என்ற வரியும் இருக்கலாம்.

படி 5: பணம் கட்டும் முன் ஒரு போன்

விற்பவரிடம் கேட்காதீர்கள், உதவிக்கு அழைக்கும் அதே எண்ணுக்குப் போடுங்கள். நான் இப்போது இப்படித்தான் கேட்கிறேன்: "என் வண்டி மூன்றரை டன், பின்னால் இரட்டைச் சக்கரம், உயரக் கூரை. ராத்திரி எட்டு மணிக்குக் கோத்தகிரி ரோட்டில் நின்றால், எந்த ஊரிலிருந்து, எந்த மாதிரி வண்டி வரும்?" ஊர் பெயரும் வண்டி வகையும் தெளிவாகச் சொன்னால் நல்லது. "பின்கோடு சொல்லுங்க சார்" என்பதோடு நின்றுவிட்டால், அந்தத் திட்டத்தை விட்டுவிடுங்கள். நல்ல பதில் வந்தால் அதையே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

வருடத்துக்கு எத்தனை முறை கூப்பிடலாம், வாங்கிய எத்தனையாவது நாளில் நடைமுறைக்கு வரும், கேரளா, கர்நாடகாவிலும் செல்லுமா என்பதையும் அதே போனில் முடித்துவிடலாம். கூடலூரைத் தாண்டினால் இரண்டு மாநில எல்லையும் பக்கம்தான்.

ராத்திரி வெளியே தங்கும் செலவைத் திட்டம் தருமா என்பதும் கேரவன்காரர்களுக்கு முக்கியம். பட்டறைக்குள் போன வண்டியில் படுக்க முடியாது. உள்ளே இருக்கும் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் பழுதுக்கு இந்தத் திட்டம் உதவாது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

படி 6: பாதையைத் திட்டத்தோடு பொருத்துங்கள்

முதுமலை, பந்திப்பூர் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை உண்டு. மாலை ஏழரைக்கு முதுமலைக்குள் இருக்கும் தெப்பக்காட்டில் வண்டி திணறினால், கர்நாடகப் பக்கமிருந்து டோ வண்டி வரும் என்று நம்பி உட்காரக் கூடாது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கனமான கேரவனோடு அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பது என் கருத்து, கூடலூர் வழி சுற்றுதான், ஆனாலும் அதுதான் சரி.

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். அது வண்டி எண்ணுக்குத் தருவது. மாற்று வண்டியாகக் கீழிருந்து காரை வரவழைத்தால், அதன் எண்ணுக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

படி 7: வண்டியில் ஒட்டி வையுங்கள்

பாலிசி எண், உதவி எண், வண்டியின் எடை, அவசர உதவிக்கான 112, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கான 1033 எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒட்டுங்கள். வளைவுகளில் சிக்னல் போய்ப் போய் வரும், போனில் மட்டும் வைத்திருந்தால் போதாது. இடம் சொல்லும்போது கொண்டை ஊசி வளைவுப் பலகையில் இருக்கும் எண்ணையோ கிலோமீட்டர் கல்லில் இருப்பதையோ சொல்லுங்கள். உள்ளூர் டோ ஓட்டுநருக்கு அதுவே போதும்.

காத்திருக்கும்போது சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, எல்லோரையும் இறக்கி, வளைவை விட்டுத் தள்ளிப் பாதுகாப்பான பக்கம் நிற்க வையுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க இரண்டு மரக்கட்டைகளை எப்போதும் கதவோரம் வைத்திருக்கிறோம். அன்று பர்லியாறில் கல் தேடி ஓடியது என் மகன், அதுவும் இருட்டில், லாரிகள் இறங்கிக்கொண்டிருந்த ரோட்டில்.