பீசாவில் சாய்ந்த கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

இத்தாலியின் பீசா நகரத்துக்குப் போகிற பலர் ஃப்ளாரன்ஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். படம் எடுப்பதில் தப்பில்லை, தாராளமாக எடுங்கள். ஆனால் அந்தக் கோபுரம் பக்கத்தில் நிற்கும் பேராலயத்தின் மணிக்கூண்டு. மணிக்கூண்டை மட்டும் பார்த்துவிட்டு ஆலயத்தை விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு.

கோபுரமும் ஆலயமும் நிற்கும் இந்தச் சதுக்கத்துக்குப் பேராலயம்தான் மூலம். 1063-ல் பீசாவின் கப்பல்கள் பலெர்மோ துறைமுகத்தைத் தாக்கி அள்ளிவந்த செல்வத்தில் எழுந்த கட்டடம் இது. புஸ்கெத்தோ என்ற கட்டடக் கலைஞர் தொடங்கினார். 1118-ல் திருத்தந்தை இரண்டாம் கெலாசியுஸ் புனிதப்படுத்தினார். கோபுரத்துக்கு அடித்தளம் போட்டது அதற்கெல்லாம் பிறகு, 1173-ல். அதனால் முகப்போடு திரும்பிவிடாமல் வெளிச்சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்த கல்வெட்டுக் கற்களை அப்படியே சுவரில் பதித்திருக்கிறார்கள். எழுத்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கொத்தனார் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இங்கே இருப்பதெல்லாம் இடைக்காலத்துப் பொருள் என்று நம்புவதும் ஒரு தவறு. 1595-ல் பெரிய தீ விபத்து நடந்தது. தலைக்குமேல் மின்னும் பொன்முலாம் பூசிய மரக்கூரை அதற்குப் பிறகு வந்தது. முகப்பின் வெண்கலக் கதவுகளும் அப்படித்தான். இடைக்காலக் கதவு வேண்டுமென்றால் கோபுரத்தை நோக்கிய பக்கத்தில் உள்ள ரனியேரி வாசலுக்குப் போக வேண்டும். 12-ம் நூற்றாண்டில் பொன்னான்னோ என்ற சிற்பி வார்த்த கதவு அது. வாசலில் இருப்பது பிரதி, மூலம் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. அப்புறம், கலிலியோ ஊசலாட்டத்தைக் கண்டுபிடித்தது இந்த விளக்கைப் பார்த்துத்தான் என்று யாராவது உள்ளே கைகாட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். கதை 1580-களின் தொடக்கத்தில் நடந்ததாகச் சொல்கிறார்கள். இப்போது தொங்கும் விளக்கு 1587-ல் வந்தது.

என்னைக் கேட்டால், இந்தச் சதுக்கத்தின் உண்மையான அதிசயம் சாய்ந்த கோபுரம் இல்லை, இரண்டு பிரசங்க மேடைகள். முதலாவது வட்டவடிவ ஞானஸ்நான ஆலயத்துக்குள் இருக்கிறது. 1152-ல் தியோத்திசால்வி தொடங்கிய இந்தக் கட்டடம் முடியப் பல தலைமுறைகள் ஆயின. கீழே அரைவட்ட வளைவுகள், மேலே கூர்மையான கோதிக் முகடுகள் என்று வெளியிலிருந்தே காலமாற்றம் தெரியும். உள்ளே நிக்கோலா பிசானோ 1260-ல் செதுக்கிய பளிங்கு மேடை. அதில் மரியாளைப் பாருங்கள்: ஒடுங்கி நிற்கும் இடைக்காலப் பெண் இல்லை, ரோமானியச் சீமாட்டிபோல் நிமிர்ந்த முகம். காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. பண்டைய ரோமானியக் கல் சவப்பெட்டிகள் அந்தக் காலத்தில் பேராலயத்தை ஒட்டியே கிடந்தன, நிக்கோலா அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அவற்றில் ஒன்று, கிரேக்கப் புராணத்து ஃபேட்ராவின் கதை செதுக்கிய பெட்டி, இன்று காம்போசாந்தோ என்னும் கல்லறை முற்றத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் ஒரு சிற்பியின் கண் எப்படி வேலை செய்தது என்று புரியும்.

இரண்டாவது மேடை பேராலயத்துக்குள், நிக்கோலாவின் மகன் ஜொவான்னி 1302 முதல் 1310 வரை செய்தது. அப்பாவின் உருவங்கள் அமைதியாக நிற்கும், மகனுடையவை நெளிந்து, நெருக்கியடித்துக்கொண்டு கதறும். தீ விபத்துக்குப் பிறகு கழற்றி ஒதுக்கிவைத்த இதை 1926-ல்தான் மறுபடி பொருத்தினார்கள். ஞானஸ்நான ஆலயத்தில் சுற்றிவிட்டு உடனே வெளியேறாமல் கொஞ்சம் காத்திருங்கள். குறிப்பிட்ட இடைவெளியில் ஊழியர் ஒருவர் நடுவில் நின்று சில சுரங்களைப் பாடிக் காட்டுவார். ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏற, ஒரே குரல் சேர்ந்திசையாகிவிடும்.

கல்லறைதானே என்று காம்போசாந்தோவைத் தவிர்க்கிறவர்கள் நிறைய. 1944 ஜூலை 27 அன்று குண்டு விழுந்து கூரை எரிந்தது. கூரையின் ஈயம் உருகிச் சுவரோவியங்கள்மேல் வழிந்தது. மிஞ்சியவற்றைச் சுவரிலிருந்து உரித்தபோது அடியில் ஓவியர்கள் செந்நிறத்தில் போட்ட முதல் வரைவுகள் வெளிப்பட்டன. அவற்றுக்கென்றே சதுக்கத்தின் தெற்கே தனி அருங்காட்சியகம் இருக்கிறது. ‘மரணத்தின் வெற்றி’ என்னும் பெரிய ஓவியம் பல பத்தாண்டு சீரமைப்புக்குப் பின் 2018-ல் தன் சுவருக்குத் திரும்பியது. கணக்கில் ஆர்வம் உள்ளவர்கள் இதே இடத்தில் ஃபிபொனாச்சியின் சிலையையும் பார்க்கலாம், அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

சரி, கோபுரத்துக்கு வருவோம். சாய்வை மட்டும் பார்க்காதீர்கள், வளைவைப் பாருங்கள். மூன்றாவது அடுக்கு வந்தபோதே மண் இறங்கத் தொடங்கியது, 1178-ல் வேலை நின்றது. கிட்டத்தட்ட நூறு ஆண்டு நின்றது நல்லதாயிற்று. அதற்குள் அடியில் இருந்த களிமண் இறுகியது. 1272-ல் திரும்ப ஆரம்பித்தவர்கள் சாய்வைச் சரிக்கட்ட மேல் அடுக்குகளை வேறு கோணத்தில் கட்ட, கோபுரம் லேசாக வாழைப்பழம்போல் வளைந்துவிட்டது. 1990-ல் மூடி, சாய்வுக்கு எதிர்ப்புறமான வடக்குப் பக்கத்து அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றி, சுமார் ஐந்தரை டிகிரியாக இருந்த சாய்வை நான்குக்குக் கொண்டுவந்தார்கள். 2001 டிசம்பரில் திறந்தது.

ஏறுவதற்கு நேரம் குறித்த சீட்டு, அதனால் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், முன்பே பதிவு செய்யுங்கள். 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏறவிட மாட்டார்கள், வாசலில் போய் அழவைக்க வேண்டாம். கைப்பையைக்கூட வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். தேய்ந்த பளிங்குப் படிகள், வழுக்காத செருப்பு போடுங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடையும் வேண்டும், பேராலயம் இன்றும் வழிபாடு நடக்கும் இடம். ரயிலில் வருகிறவர்கள் எல்லோரும் பீசா சென்ட்ராலேயில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். லூக்கா நகரத்துப் பக்கமிருந்து வரும் ரயிலில் வந்தால் சான் ரொஸ்ஸோரே நிலையத்தில் இறங்குங்கள், சதுக்கம் அங்கிருந்து சில நிமிட நடைதான்.