இடுப்பில் துப்பாக்கி இருக்கும்போது போலீஸ் நிறுத்தினால்: அமெரிக்கச் சாலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்டினில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு டாலஸ் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு பத்து மணி தாண்டியிருந்தது. வண்டியை ஓட்டியவர் எனக்கு அண்ணன் மாதிரி. கிரீன் கார்டு வைத்திருப்பவர், டெக்சாஸில் கைத்துப்பாக்கி உரிமமும் முறைப்படி வாங்கியவர். வேக்கோ தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. வேகம் கூடிவிட்டது, வேறொன்றும் இல்லை. ஓரங்கட்டி நிறுத்தினார்.

போலீஸ்காரர் என் பக்கக் கண்ணாடிக்கு வந்தார். நெடுஞ்சாலையில் வண்டிகள் உரசிக்கொண்டு போவதால் பலர் அப்படித்தான் வருவார்கள். லைசென்ஸ் கேட்டார். அண்ணன் பர்ஸை எடுக்க இடப்பக்கமாகச் சாய்ந்து வலது கையைப் பின்னால் கொண்டுபோனார். பர்ஸ் இருந்தது வலப்பக்கப் பின்பையில். அதற்கு நாலு விரற்கடை முன்னால், சட்டைக்குள், துப்பாக்கி உறை. சட்டை மேலேறியதும் கறுப்பாகக் கைப்பிடி தெரிந்தது. டார்ச் வெளிச்சம் அங்கேயே நின்றது. "அசையாதீங்க" என்ற குரல் வந்தபோது போலீஸ்காரர் கை தன் இடுப்புக்குப் போயிருந்தது. நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சில நொடிகளில் நாங்கள் செய்த தவறுகளை எண்ணிப் பார்த்தபோதுதான், "போலீஸிடம் துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டுமா வேண்டாமா" என்ற கேள்விக்குள் எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்று புரிந்தது. இங்கே துப்பாக்கி வாங்கும் நம் ஆட்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். கடையில் எந்த மாடல் நல்லது என்று பேசுகிற நேரத்தில் பாதியாவது இதைப் பேசியிருக்க வேண்டும்.

ஒரு மாநிலத்துச் சட்டத்தை நாடு முழுவதற்கும் சட்டமென்று நினைப்பது

அமெரிக்காவில் இதற்குப் பொதுவான ஒரே சட்டம் கிடையாது. சில மாநிலங்களில் போலீஸ் கேட்கும் முன்பே நீங்களாகச் சொல்லியாக வேண்டும். மிச்சிகன், வட கரோலினா, அலாஸ்கா, நெப்ராஸ்கா, தலைநகர் வாஷிங்டன் இந்த வகை. மிச்சிகனில் உடனே சொல்லத் தவறினால் முதல் முறைக்கே 500 டாலர் அபராதம், துப்பாக்கி உரிமம் ஆறு மாதம் முடக்கம். அலாஸ்காவில் 2003 முதல் பர்மிட், அதாவது எடுத்துச் செல்லும் உரிமம், இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆனாலும் போலீஸ் நிறுத்தினால் சொல்லும் கடமை அப்படியே இருக்கிறது. பர்மிட் தேவையில்லை என்றால் சொல்லவும் தேவையில்லை என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மெய்ன் மாநிலத்தில் கணக்கு தலைகீழ்: பர்மிட் வைத்திருப்பவர் தானாகச் சொல்ல வேண்டியதில்லை, பர்மிட் இல்லாமல் எடுத்துச் செல்பவர் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வகையில், கேட்டால் மட்டும் சொன்னால் போதும். மினசோட்டாவும் இல்லினாயும் அப்படி. ஒஹாயோ முன்பு முதல் வகையில் இருந்தது. 2022 ஜூன் 13 முதல் கேட்டால் சொன்னால் போதும் என்று மாறிவிட்டது. பழைய சட்டப்படி பயிற்சி எடுத்த பலர் இன்னும் பழையதையே நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்றாவது வகை, சட்டம் இதைப்பற்றி ஒன்றுமே சொல்லாத மாநிலங்கள்.

டெக்சாஸ் கொஞ்சம் தனி. உரிமம் வைத்திருப்பவர் துப்பாக்கியோடு இருக்கும்போது போலீஸ் அடையாள அட்டை கேட்டால், லைசென்ஸோடு துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்து நீட்ட வேண்டும் என்பது விதி. நீட்டாவிட்டால் தண்டனை என்பதை 2009இல் எடுத்துவிட்டார்கள், விதி இருக்கிறது. 2021 செப்டம்பர் முதல் உரிமமே இல்லாமல் எடுத்துச் செல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நீட்ட அட்டையே இல்லை.

சட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஓட்டப் போகிற மாநிலத்தின் காவல்துறை இணையதளத்தைக் கிளம்புவதற்கு முன் ஒரு முறை பார்ப்பதுதான் ஒரே வழி.

சொல்லிவிட்டால் பாதுகாப்பு என்று நம்புவது

ஃபிலாண்டோ கஸ்டீலை நினைக்காமல் இதை எழுத முடியாது. செயின்ட் பால் நகரத்தில் ஒரு பள்ளியின் உணவகத்தில் மேற்பார்வையாளர். கறுப்பினத்தவர், வயது 32. 2016 ஜூலை 6 இரவு, மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில், பிரேக் விளக்கு எரியவில்லை என்று சொல்லி அவர் வண்டியை நிறுத்தினார்கள். பர்மிட் வைத்திருந்தவர். கேட்டதும் இன்சூரன்ஸ் அட்டையைக் கொடுத்தார். பிறகு அமைதியாக, மரியாதையாக, "சார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும்" என்றார். அந்த மாநிலச் சட்டம் அவரைத் தானாகச் சொல்லச் சொல்லவில்லை. நல்லெண்ணத்தில் சொன்னார். "அதை எடுக்காதே" என்றார் போலீஸ்காரர். "எடுக்கவில்லை" என்றார் இவர். சில நொடிகளில் போலீஸ்காரர் ஏழு முறை சுட்டார், கஸ்டீல் இறந்துபோனார். பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது.

சுட்டவர் மீது வழக்கு நடந்தது, 2017 ஜூன் 16 அன்று நடுவர் குழு அவரை விடுவித்தது.

கஸ்டீல் என்ன தவறு செய்தார் என்று சிலர் அந்தக் காணொளியை அலசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அவர் லைசென்ஸும் இன்சூரன்ஸும் கேட்கப்பட்ட மனிதர், கேட்டதைச் செய்துகொண்டிருந்தார். பயந்துபோன ஓர் ஆயுததாரியின் பிழைக்கு இறந்தவரைக் கணக்குக் கேட்பது நியாயமில்லை. கறுப்பினத்தவருக்கு இந்தச் சாலைகள் வேறு மாதிரி என்பதையும் மறைத்துப் பேச முடியாது. ஆனால் உயிரோடு வீடு திரும்ப நினைக்கிற நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. லைசென்ஸை எடு என்ற கட்டளையும், துப்பாக்கி இருக்கிறது என்ற சொல்லும், நகரும் கையும் ஒரே நேரத்தில் சேரக் கூடாது. அண்ணன் விஷயத்தில் சேர்ந்தது அதுதான்.

"ஐ ஹேவ் எ கன்" என்று ஆரம்பிப்பது

இந்த வாக்கியத்தைக் கொள்ளைக்காரனும் சொல்வான். போலீஸின் காதில் முதலில் விழுவது அந்தக் கடைசிச் சொல்தான். பர்மிட் என்ற சொல்லை முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல், விரல்கள் விரிந்து தெரிய இருக்கட்டும். இரவென்றால் உள்விளக்கைப் போட்டிருங்கள். பிறகு நிதானமாக, "எனக்குத் துப்பாக்கி எடுத்துச் செல்ல பர்மிட் இருக்கிறது. இப்போது வலப்பக்க இடுப்பில் இருக்கிறது. பர்ஸும் அதே பக்கம்தான். நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். பதில் வரும்வரை கை ஸ்டியரிங்கை விட்டு எழவே கூடாது. நம் ஊர்ப் பழக்கம், பேசிக்கொண்டே கையை ஆட்டுவது. அதை அந்த ஐந்து நிமிடத்துக்கு அடக்க வேண்டும்.

துப்பாக்கியும் வண்டிக் காகிதமும் ஒரே கிளவ் பாக்ஸில் கிடப்பதும் இதே தவறுதான். இன்சூரன்ஸை எடுக்கத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எது? காகிதங்களைக் கண்ணாடிக்கு மேலே உள்ள சன் வைசரில் செருகிவிட்டால் தீர்ந்தது.

விளக்கு தெரிந்ததும் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து சீட்டுக்கு அடியில் தள்ளுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பின்னாலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது, ஓட்டுநர் குனிந்து எதையோ எடுக்கிறார் என்பது மட்டும்தான். உறையில் இருப்பது உறையிலேயே இருக்கட்டும். எடுத்துக் காட்டவும் வேண்டாம், குண்டைக் கழற்றிக் காட்டவும் வேண்டாம்.

சட்டம் கேட்காத இடத்திலும் சொல்லலாமா?

இதில் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. கேட்காததைச் சொன்னால் சாதாரண நிறுத்தத்தைப் பதற்றமாக்குகிறோம் என்பது ஒன்று. அவராகக் கண்டுபிடிப்பதைவிட நாமே சொல்வது மேல் என்பது மற்றது. என் கருத்து, துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உடம்பில் இருந்து, உங்கள் கை அதன் பக்கம் போக வேண்டியிருந்தால் சொல்லுங்கள். வண்டியை விட்டு இறங்கச் சொன்னால் இறங்கும் முன் சொல்லுங்கள். இறங்கச் சொல்லும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு என்று 1977இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, அதில் வாதாட ஒன்றுமில்லை. சில மாநிலங்களில் உங்கள் லைசென்ஸ் எண்ணைத் தட்டினாலே பர்மிட் விவரமும் திரையில் வந்துவிடும், அங்கேயும் முந்திக்கொள்வது நல்லது. பூட்டிய பெட்டிக்குள் டிக்கியில் கிடந்து, சட்டமும் கேட்கவில்லை என்றால், நான் பேச்செடுக்க மாட்டேன்.

ஆனால் "ஆயுதம் ஏதாவது இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டபின் "இல்லை" என்று பொய் சொல்வது எல்லாவற்றிலும் பெரிய தவறு. கேட்டால் சொல்ல வேண்டிய மாநிலத்தில் அது குற்றம். மற்ற இடங்களில் பொய் வெளிப்படும் அந்தக் கணம்தான் ஆபத்து.

எல்லை தாண்டியதை மறப்பது

2013இல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு தாய், பென்சில்வேனியா பர்மிட்டோடு நியூ ஜெர்சிக்குள் போனார். போலீஸ் நிறுத்தியது. நேர்மையாகத் துப்பாக்கி இருப்பதைச் சொன்னார், பர்மிட்டையும் காட்டினார். அந்த பர்மிட் நியூ ஜெர்சியில் செல்லாது. கைதானார், மூன்றரை ஆண்டு சிறைக்குக் குறையாத வழக்கை எதிர்கொண்டார். ஊடகங்களில் பெரிதாகப் பேசப்பட்டபின் சிறை தவிர்க்கப்பட்டது, 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். அவர் செய்த ஒரே பிழை, டெலவேர் ஆற்றுக்கு மறுகரையிலும் அதே சட்டம் என்று நினைத்தது. நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் பென்சில்வேனியாவிலிருந்து வார இறுதியில் வண்டியெடுக்கும் தமிழர்கள் இந்தக் கதையை மறக்கக் கூடாது. வேறு மாநிலத்தைக் கடந்துதான் போக வேண்டுமென்றால், குண்டில்லாத துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்துச் செல்வதற்கு 1986ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அது சட்டப்படி உங்களிடம் இருக்கலாம் என்றால் மட்டும்.

விசாவை மறப்பது

அன்று இரவு என் விசா ஹெச்-1பி. ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற ஒரு சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். கிரீன் கார்டு வந்தபின் நிலைமை வேறு, ஆனால் அவர்களும் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தப்படலாம். அன்று அந்தத் துப்பாக்கி அண்ணன் இடுப்பில் இல்லாமல் என் முழங்காலுக்கு முன்னால் கிளவ் பாக்ஸில் இருந்திருந்தால், அது யார் கைவசம் இருந்தது என்ற கேள்விக்கு நானும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். துப்பாக்கி எடுத்துச் செல்பவர், வண்டியில் ஏறுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பயந்துபோய் "துப்பாக்கி, துப்பாக்கி" என்று மனைவியோ பிள்ளையோ கத்திவிட்டால் என்ன ஆகும்?

துப்பாக்கியைச் சொன்னதே சோதனைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது

இரண்டும் வேறு. பேச்சு நடக்கும்வரை துப்பாக்கியைப் போலீஸ் தன்வசம் வைத்துக்கொள்ளலாம், அதைத் தடுக்காதீர்கள். ஆபத்து என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் வண்டிக்குள் ஆயுதம் தேடவும் 1983 தீர்ப்பு ஒன்று இடம் கொடுக்கிறது. டிக்கியையும் பையையும் பார்க்கலாமா என்று கேட்டால், "இதற்கு நான் சம்மதிக்கவில்லை" என்று பணிவாகச் சொல்லலாம். மீறித் தேடினால் தடுக்கப் போகாதீர்கள், அதைப் பிறகு வக்கீல் பார்த்துக்கொள்வார்.

எங்கள் விஷயத்தில், அண்ணன் அசையாமல் இருந்து, உரிமம் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். போலீஸ்காரர் சுற்றி வந்து அவரை இறங்கச் சொல்லி, துப்பாக்கியைத் தானே உருவி எடுத்தார். உரிமத்தைச் சரிபார்த்தபின் வேகத்துக்கு எச்சரிக்கைச் சீட்டு மட்டும் கொடுத்தார். டெக்சாஸ் சட்டப்படி, தவறேதும் இல்லையென்றால் ஆளை அனுப்பும் முன் ஆயுதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காலியான துப்பாக்கியை டிக்கியில் ஒரு மூலையிலும், மேகசினை இன்னொரு மூலையிலும் வைத்துவிட்டு, "நான் கிளம்பும்வரை தொடாதீங்க" என்றார். அண்ணன் டிக்கியை மூடிவிட்டு அப்படியே ஓட்டினார். அடுத்த எக்ஸிட்டில் ஒரு கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். கை நடுக்கம் நின்றபின் பர்ஸை எடுத்து இடப்பக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்றுவரை அங்கேதான் வைக்கிறார்.