பத்து நாள் விபஸ்ஸனா முகாமுக்குப் போகிறீர்களா? பையைக் கட்டும் முன் இதைப் படியுங்கள்

முதல் முறை நான் போன முகாமில் எட்டாம் நாள் காலை, கண்ணை மூடி உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உடம்பைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில், அபராத வட்டி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கடன் தவணை ஐந்தாம் தேதி போகும். சம்பளம் விழுகிற கணக்கு ஒன்று, தவணை பிடிக்கிற கணக்கு வேறொன்று, மாதாமாதம் நான்தான் போனில் பணத்தை மாற்றிவிடுவேன். அன்று தேதி ஏழு. போனோ, சேரும்போதே வாங்கிவைத்துக்கொண்ட முகாம் அலுவலக அறைப் பெட்டிக்குள். பவுன்ஸ் ஆகியிருக்குமா, சிபில் எவ்வளவு இறங்கும், வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பார்களா, அம்மா பயந்துபோவாளா என்று மூன்று மணி நேரம் இதே ஓட்டம். வெளியே வந்து பார்த்தால் ஐந்நூற்றுச் சொச்சம் அபராதம், கதை முடிந்தது. ஆனால் அந்த மூன்று மணி நேரம் போனது போனதுதான்.

அதனால்தான் யாராவது "முகாமுக்குப் போகப் போகிறேன், பேசாமல் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், பேசாமல் இருப்பது ஒரு விஷயமே இல்லை, கிளம்பும் முன் வீட்டு வேலையை முடித்துவிட்டுப் போ என்று முதலில் சொல்கிறேன்.

எந்த முகாம் என்று தெரியாதவர்களுக்காக: எஸ்.என். கோயங்கா முறையில் நடக்கும் பத்து நாள் விபஸ்ஸனா, பேசாமல் உட்கார்ந்து மூச்சையும் உடம்பையும் கவனிக்கிற தியானம். கோயங்கா 1924-ல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வியாபாரி. தீராத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடிப் போய், சயாஜி ஊ பா கின் என்ற உயர் அரசு அதிகாரியிடம் இந்தத் தியானத்தைக் கற்றுக்கொண்டார். 1969-ல் இந்தியா வந்து சொல்லித்தர ஆரம்பித்தார். மகாராஷ்டிராவின் இகத்புரியில் இருக்கும் தம்மகிரிதான் பெரிய மையம். 2013-ல் அவர் காலமாகிவிட்டார். இன்றும் தியானக் கூடத்தில் ஒலிப்பது அவருடைய பதிவு செய்யப்பட்ட குரல்தான், நேரில் உட்கார்ந்திருப்பவர் உதவி ஆசிரியர். நம் பக்கத்தில் சென்னைக்கு வெளியே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது இருக்கிறது. தென்மாவட்டக்காரர்களுக்குத் திண்டுக்கல் அருகே, காந்திகிராமத்தை ஒட்டிய செட்டியபட்டியில் தம்ம மதுரா. திருவண்ணாமலையிலும் ஒரு மையம் உண்டு. ஊர்ப்புறமாக, மலையடிவாரமாக வேண்டும் என்றால் செட்டியபட்டி என் தேர்வு. கண்ணைத் திறந்தால் சிறுமலை தெரியும், அதுவே பாதி மருந்து.

இடம் பிடிப்பது தம்மா டாட் ஓஆர்ஜி (dhamma.org) என்ற அவர்களுடைய தளத்தில். பத்து நாள் என்று பெயர், ஆனால் லீவு பன்னிரண்டு நாள் போடுங்கள். முந்தின நாள் மதியமோ மாலையோ போய்ப் பதிய வேண்டும், பத்து முழு நாள் உள்ளே, பதினோராம் நாள் காலை ஏழரை வாக்கில் விடுவார்கள். படிவத்தில் மொழியைக் கவனியுங்கள், தமிழில் விளக்கம் கிடைக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். "தப்பில்லை, இங்கிலீஷ் புரியும்" என்று போய்விட்டு, இரவு உரை நேரத்தில் தூங்கி வழிந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். இடம் உறுதியான பிறகும், நெருக்கத்தில் "வருகிறீர்களா?" என்று மறுபடி கேட்டு மெயில் வரும். பதில் போடாவிட்டால் உங்கள் இடம் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்குப் போய்விடும். ஸ்பாம் பெட்டியையும் ஒரு எட்டுப் பாருங்கள்.

படிவத்தில் உடல்நிலை, மனநிலை பற்றிக் கேட்பார்கள். பொய் சொல்லாதீர்கள். "சொன்னால் சேர்க்கமாட்டார்கள்" என்று மறைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கண்ணை மூடி உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பது விளையாட்டில்லை. உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள், படிவத்தில் எழுதுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகவே போகாதீர்கள். தீவிரமான மனநோய் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். சர்க்கரை இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏன் என்று சாப்பாட்டுப் பகுதியில் தெரியும்.

கட்டணம் கிடையாது. தங்க, சாப்பிட, கற்க எதற்கும் இல்லை. ஏற்கெனவே முகாம் முடித்தவர்கள் கொடுத்த நன்கொடையில் நீங்கள் சாப்பிடுகிறீர்கள். நீங்கள் முடித்த பிறகு விருப்பப்பட்டால் அடுத்தவருக்காகக் கொடுக்கலாம். முடிக்காதவரிடம் வாங்கமாட்டார்கள். பரிமாறுகிறவர்களும் மணி அடிக்கிறவர்களும்கூட முன்பு உட்கார்ந்தவர்கள்தான், சம்பளமில்லாமல் வந்திருப்பார்கள்.

இப்போது வீட்டு வேலை. தவணை, மின் கட்டணம், பள்ளிக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், இந்தப் பன்னிரண்டு நாளில் எது விழுகிறது என்று காலண்டரை எடுத்துப் பாருங்கள். கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஓடிபி வந்தால் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்பதை வீட்டில் சொல்லிவைக்க வேண்டும், உங்கள் நம்பருக்கு ஓடிபி வந்தால்தான் கேஸ் சிலிண்டரே இறங்கும் என்கிற வீடுகள் எத்தனை! மையத்தின் அலுவலகத் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள், அவசரம் என்றால் அதில் கூப்பிட்டால் உங்களிடம் வந்து சொல்வார்கள். "அவசரம்" என்றால் என்ன என்பதையும் விளக்கிவிடுங்கள். என் நண்பனுக்கு ஐந்தாம் நாள் வந்த அவசரச் செய்தி, வாஷிங் மெஷின் பில் எங்கே வைத்தாய் என்பது. அலுவலகத்தில் "நெட்வொர்க் கிடைக்காத இடம்" என்று மழுப்பாதீர்கள், பன்னிரண்டு நாள் போன் கையில் இருக்காது என்று நேராகச் சொல்லுங்கள். யாரிடமாவது சண்டை போட்டுப் பாதியில் விட்டிருந்தால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டு முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சண்டையை உள்ளே தினமும் நான்கு காட்சி பார்ப்பீர்கள்.

பையில் என்ன வைப்பது? தளர்வான, மறைப்பான பருத்தித் துணி. வேட்டியோ பைஜாமாவோ சரி, இறுக்கமான ஜீன்ஸில் முதல் நாளே கால் மரத்துப் போகும். போர்வை, கொசுவத்தி அல்லது கொசு மருந்து, டார்ச், குடை, தண்ணீர் பாட்டில், வாசனை இல்லாத சோப்பு, துவைத்த துணிக்கு நாலு கிளிப், செருப்பு. கழற்றி மாட்டச் சுலபமான செருப்பாக இருக்கட்டும், கூடத்து வாசலில் ஒரு நாளைக்குப் பத்து முறை கழற்றுவீர்கள். திரும்பி வரப் பஸ் காசு ரொக்கமாக, சில்லறையாக. புத்தகம், நோட்டு, பேனா வேண்டாம், படிக்கவும் எழுதவும் அனுமதியில்லை. ஜபமாலை, ருத்ராட்சம், தாயத்து எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பூஜை, தொழுகை, ஜெபம், யோகாசனம் என்று நீங்கள் வழக்கமாகச் செய்வதைப் பத்து நாளைக்கு நிறுத்திவைக்கச் சொல்வார்கள். மதம் மாற்றுவதற்கு அல்ல, இதை மட்டும் கலப்பில்லாமல் செய்து பாருங்கள் என்பதற்கு. ஆனால் தொடக்கத்தில் புத்தம் சரணம் கச்சாமி உண்டு, பாலி மொழியில் ஓதுதல் உண்டு. அது நெருடும் என்றால் போகும் முன்பே யோசித்துக்கொள்வது நல்லது, உள்ளே போய் வாதாடாதீர்கள். கோயங்காவின் ஓதல் குரல், உள்ளதைச் சொன்னால், முதல் மூன்று நாள் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அன்றாடம் இப்படி: நான்கு மணிக்கு மணி அடிக்கும், நாலரைக்கு உட்கார வேண்டும். ஆறரைக்குக் காலை உணவு, பதினோரு மணிக்கு மதிய உணவு, ஐந்து மணிக்குத் தேநீர், ஏழு மணிக்கு உரை, ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. நடுவில் உள்ளதெல்லாம் உட்காருவதுதான். எட்டு மணி, இரண்டரை, மாலை ஆறு ஆகிய மூன்று வேளை எல்லோரும் கூடத்தில் சேர்ந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். மற்ற நேரத்தில் பெரும்பாலும் அறையிலும் உட்காரலாம் என்பார்கள். நம்பாதீர்கள். அறையில் கட்டில் இருக்கிறது.

மதியத்துக்குப் பிறகு முழுச் சாப்பாடு கிடையாது. புதியவர்களுக்கு ஐந்து மணிக்குத் தேநீரும் பொரியும் பழமும், பழையவர்களுக்கு எலுமிச்சைச் சாறு மட்டும். சர்க்கரைக்காரர்கள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றேனே, இதற்குத்தான். பசி இரண்டே நாளில் பழகிவிடும். எனக்கு எதிரே தினமும் உட்கார்ந்த ஒரு பெரியவர், அறுபத்தைந்து வயது இருக்கும், முதல் நாள் பொரியைக் கை நிறைய அள்ளி வாயில் போட்டார். மூன்றாம் நாள் சிட்டிகையாக எடுத்தார். ஐந்தாம் நாள் பார்த்தால் டம்ளரிலிருந்து ஒவ்வொரு பொரியாக எடுத்து, நாக்கில் வைத்து, அது நமத்துக் கரைகிற வரை வாயை அசைக்காமல் இருக்கிறார். தேநீர் ஆடை கட்டிவிட்டது. நானும் செய்து பார்த்தேன். ஒரு பொரியில் இவ்வளவு உப்பு இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முதல் மூன்று நாள் ஆனாபானா. மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம், தானாகப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். போகப் போக மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள அந்தக் கட்டைவிரல் அகல இடத்தில் மட்டும் கவனத்தை வைக்கச் சொல்வார்கள். பத்து நொடி தாங்காது, மனம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பிரியாணி தின்றுவிட்டு வரும். போனதைக் கவனித்ததும் மறுபடி மூச்சுக்கு வாருங்கள், உங்களையே திட்டிக்கொண்டு உட்காராதீர்கள். திட்டுவதும் ஓட்டம்தான்.

நான்காம் நாள்தான் விபஸ்ஸனா ஆரம்பம். உடம்பை அங்கம் அங்கமாக மனத்தால் தடவிக்கொண்டே போக வேண்டும். வெப்பம், அரிப்பு, துடிப்பு, வலி எது இருந்தாலும் பார்க்க வேண்டும், எதிர்வினை செய்யக்கூடாது. அதோடு அதிட்டானம் என்று ஒன்று சேரும்: அந்த மூன்று கூட்டு வேளைகளிலும் கையையோ காலையோ பிரிக்காமல், கண்ணைத் திறக்காமல் ஒரு மணி நேரம். இங்கேதான் முட்டி பேச ஆரம்பிக்கும். நாற்பதாவது நிமிடம் வலது முட்டிக்குள் யாரோ ஸ்பேனர் போட்டுத் திருகுவதுபோல இருக்கும், வெளியே மயில் அகவும், ஓர் எறும்பு கணுக்காலில் ஏறி நிற்கும். அந்த வலியை உற்றுப் பார்த்தால் அது ஒரே கட்டியாக இல்லை, விட்டு விட்டு, இடம் மாறி மாறித் துடிக்கிறது என்பது சில நேரம் பிடிபடும். பிடிபடாமலும் போகும். வீரம் காட்ட வேண்டாம், உண்மையிலேயே முட்டி தேய்ந்தவர்கள், முதுகு ஆபரேஷன் ஆனவர்கள் முதல் நாளே நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் சிலைபோல உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் போட்டி போடாதீர்கள். என் பக்கத்துச் சிலை பத்தாம் நாள் சொன்னார், "நான் பாதி நேரம் தூங்கிட்டேன் சார்."

மௌனம் என்றால் வாய் மட்டுமில்லை, சைகையும் கண் ஜாடையும்கூட இல்லை. ஆனால் சந்தேகம் இருந்தால் உதவி ஆசிரியரிடம் மதியம் போய்க் கேட்கலாம், சோப்பு தீர்ந்தால் சேவகரிடம் சொல்லலாம். கேளுங்கள். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் ஓடிவிடத் தோன்றும் என்று உரையிலேயே சொல்வார்கள். எனக்கு ஆறாம் நாள் வந்தது, மூளை அழகாகக் காரணம் ஜோடித்துக் கொடுத்தது: அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கும். அப்படித் தோன்றினால் அன்று இரவு முடிவெடுக்காமல் ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டு, காலைச் சாப்பாடு வரை தள்ளிப்போடுங்கள். ஆனால் இது வேறு, தூக்கமே வராமல் நாள் கணக்காகப் போகிறது, பயம் பிடித்து ஆட்டுகிறது, இல்லாதது கேட்கிறது தெரிகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள், உடனே சொல்லுங்கள், கிளம்ப வேண்டியிருந்தால் கிளம்புங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பத்தாம் நாள் காலை மைத்ரி தியானம், அதாவது எல்லோருக்கும் நல்லது நினைக்கிற தியானம், அதன் பிறகு பேசலாம். அன்று கூடத்துக்கு வெளியே கல்யாண வீடுதான். பத்து நாள் சேர்த்துவைத்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் கொட்டுவார்கள், மதியத்துக்குள் தொண்டை கட்டித் தலை வலிக்கும். கொஞ்சமாகப் பேசுங்கள். போன் கைக்கு வந்ததும் வீட்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாட்ஸ்அப்பை மறுநாளுக்கு விட்டுவிடுங்கள். வந்த வேகத்தில் வேலையை விடுகிறேன், இனி அசைவமே தொடமாட்டேன், நீங்களும் எல்லோரும் போயே ஆக வேண்டும் என்று வீட்டில் பிரசங்கம் செய்யாதீர்கள், ஒரு மாதம் போகட்டும். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி உட்காரச் சொல்லி அனுப்புவார்கள். என் கணக்கு காலை அரை மணி, மாலை பல நாள் பூஜ்யம்.

இன்னொன்று, திரும்பும்போது சொந்த வண்டி ஓட்டாதீர்கள். முதல் முறை நான் காந்திகிராமத்தில் பஸ் ஏறி மதுரைக்கு டிக்கெட் கேட்டபோது கண்டக்டர் இரண்டு முறை "என்னது?" என்றார். கத்திச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உதட்டுக்குள்ளேயே சொல்லியிருக்கிறேன். மூன்றாவது முறை பக்கத்தில் இருந்த அம்மா எனக்காக "மதுரை ஒண்ணு குடுங்க" என்று வாங்கிக் கொடுத்துவிட்டு, "உடம்பு முடியலையாப்பா?" என்றார்.